ஏறக் கூடாத எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டைக்குள் இருக்கிற அழுத்தத்தை அளந்து காட்டும் எண் ஒன்று உண்டு. அது இறங்கினால் நல்லது, ஏறினால் கெடுதி. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். தலையில் அடிபட்ட ஒருவருக்காக ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது பயன்படலாம். பயன்படாவிட்டால் போகட்டும். எனக்கு இதை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆலத்தியூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நிற்கும். திரையில் எண் ஆடும். ஆட்டம் நின்ற பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும். டிரைவர்கள் அவசரப்படுவார்கள், கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். நான் அசைய மாட்டேன். எண் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. வீட்டிலும் உறவிலும் அந்தப் பெயர் இருந்தது.

அன்று சனிக்கிழமை. மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க நானும் என் மனைவி செல்வியும் பைக்கில் அரியலூர் கிளம்பினோம். அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஹெல்மெட் என் தலையில் இருந்தது. அவள் தலையில் இல்லை. போகிற வழியில் ஒரு சண்டை. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் போன் எதற்கு என்று நான், எல்லாப் பாடமும் அதில்தான் அனுப்புகிறார்கள் என்று அவள். அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சுரீர் என்று கோபம் வந்து, பதில் சொல்லத் தலையைத் திருப்பினேன். புதிதாகப் போட்ட ஸ்பீடு பிரேக்கர், இன்னும் வெள்ளைக்கோடு அடிக்கவில்லை. நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன், தப்பித்தேன். அவள் மல்லாக்க ரோட்டில் விழுந்தாள்.

கேட்டவர்களிடம் எல்லாம், "ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி குதிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஆம்புலன்ஸில் அரியலூர் அரசு மருத்துவமனை. அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளை அறுவை மருத்துவர் இருக்கிற இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கிருந்து பெரம்பலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் அவளை மயக்கத்தில் வைத்து, வாயில் குழாய் போட்டு, மூச்சை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

மூளை அறுவை டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேசையில் ஆறிப்போன டீ. என்னை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"மண்டை ஓடுங்கிறது மூடி போட்ட டப்பா மாதிரிங்க. உள்ள மூளை அடிபட்டு வீங்குது. டப்பா பெருசாகாது. அப்ப என்னாகும், உள்ள அழுத்தம் ஏறும். ரொம்ப ஏறுனா ரத்தம் உள்ள போக முடியாது. ரத்தம் போகலைன்னா மூளை செத்துரும்."

"சரிங்க மேடம்."

"மண்டையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு மெல்லிசா ஒரு ஒயர் உள்ள விட்டிருக்கோம். அது அழுத்தத்தை அளந்து மானிட்டர்ல நம்பரா காட்டும். பதினஞ்சுக்குள்ள இருந்தா நிம்மதி. இருபத்திரண்டைத் தாண்டுனா மருந்து ஏத்துவோம். மருந்துக்கும் அடங்கலைன்னா ஆபரேஷன். புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது மேடம்" என்றேன். நன்றாகவே புரிந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புரியவில்லை என்று பிறகு நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

காத்திருக்கும் கூடத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். சார்ஜ் போடுவதற்கு ஒரே ஒரு பிளக். அதைச் சுற்றி எப்போதும் நாலு பேர். காவலாளி கதவைத் திறந்து, "செல்வி அட்டெண்டர் யாரு" என்று கூப்பிட்டால் ஓட வேண்டும். மருந்துச் சீட்டாக இருக்கலாம், ரத்தம் வேண்டும் என்பார்கள், வேறு எதுவாகவும் இருக்கலாம். கதவு திறக்கும் சத்தத்துக்கே எழுந்து நின்றுவிடுவேன். இப்போதும் எந்தக் கதவு திறந்தாலும் எழுந்துவிடுகிறேன்.

பார்க்க விடுவது காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும். ஒரு நேரத்துக்கு ஒருவர், ஐந்து நிமிடம். செருப்பை வெளியே விட்டு, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சரிவாக உயர்த்தி வைத்திருந்தார்கள். நான் அவள் கன்னத்தைத் தொடப் போனபோது சிஸ்டர் கையைத் தடுத்தார்.

"தலையைத் திருப்பிராதீங்கண்ணே. கழுத்து நேரா இருக்கணும். மடங்குனா ரத்தம் கீழ இறங்காது, நம்பர் ஏறிரும்."

தொண்டையில் சேர்ந்த சளியை உறிஞ்சி எடுக்கும்போது அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. பதினான்கில் இருந்த எண் சட்டென்று இருபத்தைந்துக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. "இருமுனா ஏறும், அப்புறம் இறங்கிரும். பயப்படாதீங்க" என்றார் சிஸ்டர். என் எடைமேடை போல அந்த எண் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஐந்து நிமிடமும் நான் செல்வியைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்வியின் அண்ணன் வந்துவிட்டார். ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். செல்வி மேல் உயிர். வந்ததும் என் தோளைப் பிடித்து, "சாப்ட்டீங்களா" என்றுதான் கேட்டார். எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று காலை நான் உள்ளே போனபோது எண் பதினாறு. மாலை அவர் போனார். வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"மாப்ள, காலையில பதினாறுன்னீங்கல்ல. இப்ப இருபத்தொண்ணு. ஏறிக்கிட்டு வருது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கொரோனா வந்த காலத்தில் அவர்களுடைய அம்மா, என் மாமியார், மீன்சுருட்டி வீட்டில் மூச்சு வாங்கக் கிடந்தார். மச்சான்தான் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றாறுக்கு ஏறியது, மாமியார் பிழைத்தார். அந்தக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் எண் என்றால் அது ஏற வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் மீன்சுருட்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"யம்மா, நம்பர் ஏறுதும்மா. பதினாறு இருந்தது இருபத்தொண்ணு ஆயிருச்சு."

மாமியார் அந்தப் பக்கம் அழுதார். சனிக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் அவர் வாயில் படவில்லை என்று மச்சான் சொல்லியிருந்தார்.

"ஏறுதாப்பா? அப்ப ஒரு வாய் கஞ்சி குடிக்கிறேன். மாப்ள பக்கத்துல இருக்காங்களா? அவங்களையும் சாப்புடச் சொல்லு. அவங்களுக்கு நம்பரெல்லாம் நல்லாத் தெரியும், கூடவே இருக்கச் சொல்லு."

"இருக்கேன் அத்தை" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கிழவி கஞ்சி குடிக்கட்டும், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட நல்ல காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறவரை எப்படி நடந்தது என்று என்னைக் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை காலை இருபத்துமூன்று. உப்பு மருந்தும், மூளையின் நீரை இழுக்கிற மருந்தும் மாறி மாறி ஏற்றினார்கள். மாலை இருபத்தாறு. மச்சான் கூடத்தில் எங்கள் வரிசையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்துப் பாயில் இருந்த வேப்பந்தட்டைக்காரர், அவர் மகனுக்கும் இதே ஒயர்தான், "எங்க பயலுக்குப் பன்னெண்டுதான் காட்டுது, ஏற மாட்டேங்குது" என்று கவலைப்பட்டார். மச்சான் அவருக்குத் தைரியம் சொன்னார். நான் கையில் டீயை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மச்சான் பட்டறையிலிருந்து கொண்டுவந்த முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலத்தை சிஸ்டரிடம் நீட்டினார். "அதெல்லாம் வாங்கக் கூடாதுங்க, எதுக்கு இது?" என்றார் சிஸ்டர். மச்சான் சிரித்துக்கொண்டே, "எல்லாம் சந்தோசந்தான்" என்றார். சிஸ்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

செவ்வாய் மதியம் காவலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டாக்டர் நின்றபடியே பேசினார்.

"முப்பதைத் தாண்டிருச்சு. மருந்துக்கு அடங்கல. வலது பக்க மண்டை ஓட்டுல ஒரு பெரிய துண்டை எடுத்தாகணும். அப்பத்தான் வீங்குற மூளைக்கு இடம் கிடைக்கும், அழுத்தம் இறங்கும். எடுத்த எலும்பை அவங்க வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சிருவோம். அங்க கெடாம இருக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்து மறுபடி மண்டையில வைப்போம்."

மச்சானுக்கு முகம் கறுத்தது.

"எதுக்கு மேடம் மண்டைய வெட்டணும்? நம்பர்தான் நல்லா ஏறிக்கிட்டு வருதே. தேறி வர்ற புள்ளைய ஏன் அறுக்கணும்ங்கறீங்க?"

டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது ஏறக் கூடாதுங்க. இவர்கிட்ட மொத நாளே சொன்னேனே."

மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெரிய வைத்தியம் என்றால் புருஷன் மட்டும் முடிவு செய்வதில்லை, பிறந்த வீட்டிலிருந்து சரி என்று ஒரு வார்த்தை வர வேண்டும். மச்சான் கையை விரித்துவிட்டார்.

"இதையே மறைச்சவரு வேற எதெதை மறைச்சீங்களோ. நான் இனிமே யாரையும் நம்பல. திருச்சிக்குக் கொண்டுபோறேன். அங்க ஒரு டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"வழியிலயே போயிருவாங்க" என்றார் டாக்டர். "தியேட்டர் தயாரா இருக்கு. அரை மணி நேரத்துல சொல்லுங்க." பாரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கையெழுத்தே போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனிதர் கேட் முன்னால் படுத்து மறித்தாலும் மறிப்பார். அதைவிட, அவள் செத்துப்போனால் நான் மறைத்தது மறைத்ததாகவே கிடக்கும். சொன்னேன். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், சண்டையையும் கோபத்தையும் தலையைத் திருப்பியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். மச்சான் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"அத்தை," என்றேன், "அந்த நம்பர் ஏறுனா நல்லதில்ல. ஏறுறது ஆபத்து. எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். வண்டியையும் நான்தான் ரோட்டைப் பாக்காம ஓட்டுனேன். இப்ப மண்டையில ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க."

மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ உசுரோட இருக்காளா?"

"இருக்கா அத்தை."

"அப்ப போனை வச்சிட்டுக் கையெழுத்தப் போடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

கல்யாணம் ஆகிப் பதினைந்து வருடத்தில் மாமியார் என்னிடம் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்று இன்னொரு கோடு இருந்தது. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கி அதில் போட்டார்.

மூன்றரை மணி நேரம். வெளியே கொண்டுவந்தபோது தலை முழுக்கக் கட்டு, வயிற்றிலும் ஒரு கட்டு. அன்று மாலை எண் பதினொன்று. மறுநாள் ஒன்பது. வேப்பந்தட்டைக்காரரிடம் போய், உங்கள் பையனுக்குப் பன்னிரண்டு நல்ல எண் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகவே நடந்தது, எழுதவே சோர்வாக இருக்கிறது. ஒயரை எடுத்தார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். காய்ச்சல் வந்தது, போனது. கண்ணைத் திறந்தாள், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள் என் விரலை இறுக்கினாள். காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது, மீதிக்கு நானும் மச்சானும் ஓடினோம். மச்சான் என்னோடு பேசுவதே இல்லை. ஆனால் வேளாவேளைக்கு ஒரு இட்லிப் பொட்டலம் என் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும். வைத்துவிட்டு அவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் சாப்பிட்டு முடித்தேனா என்று எட்டிப் பார்ப்பார். ஐ.சி.யூ. வாசலில் இப்படிப் பதினோரு நாள்.

வார்டுக்கு மாற்றி, தொண்டைக் குழாயை எடுத்து, செல்விக்குப் பேச்சு வந்தது. என்னைத் தெரிந்தது, அண்ணனைத் தெரிந்தது, மகள் பெயர், ரேஷன் கடைக்காரர் பெயர் எல்லாம் தெரிந்தது. வலது பக்கத் தலை குழிவிழுந்து கிடந்தது. தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். நான் ஓட்டினேன், சண்டை போட்டேன், ரோட்டைப் பார்க்கவில்லை, நீ விழுந்தாய். அவள் அழுதாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் எதுவுமே நடக்காத மாதிரி டீ கேட்டாள். மறுநாள் காலை தலையைத் தடவிப் பார்த்து, "எனக்கு என்னாச்சுங்க?" என்றாள்.

டாக்டர் விளக்கினார். "பழசெல்லாம் இருக்கு. புதுசா கேக்கறது, பாக்கறது எதுவும் உள்ள தங்கல. தங்க ஆரம்பிக்கலாம். தங்காமலே போகவும் வாய்ப்பு இருக்கு. இப்ப சொல்ல முடியாதுங்க." இவளை இப்படியே கூட்டிப்போய் வீட்டில் வைத்தால், மகள் காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுகிற அம்மாவாக ஆயுசு முழுக்க இருப்பாள்.

தினம் காலையில் கேட்பாள். தினமும் நான் சொல்வேன். ஒருநாள் அழுவாள், ஒருநாள் கன்னாபின்னா என்று திட்டுவாள், ஒருநாள், "போங்க, பொய் சொல்றீங்க" என்று சிரித்தாள். என்னால் அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை. இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சான், ஒருநாள் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாய் குறுக்க வந்திருச்சுன்னு சொல்லிர வேண்டியதுதான மாப்ள. தினம் எதுக்கு அவளை அழ விட்டு, நீங்களும் அழுவுறீங்க? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் மச்சான்."

"ஏன்?"

"என்னைக்குச் சொல்றது தங்கும்னு நமக்குத் தெரியாது. தங்குறது பொய்யா இருந்துரக் கூடாது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, டீ குடிக்கலாம் வாங்க" என்றார்.

பத்தொன்பது காலை அப்படிப் போனது. இருபதாவது நாள் மச்சான் பட்டறையைப் பார்க்க ஜெயங்கொண்டம் போயிருந்தார். நான் பல்பொடியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். செல்வி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நம்ம அரியலூர் போறப்ப வண்டிய..."

"அதான் நேத்தே சொன்னீங்கல்ல" என்றாள். குரலில் அத்தனை கசப்பு. "ரோட்டைப் பாக்காம என்கிட்டச் சண்டை போட்டீங்க. எத்தன தடவ சொல்லுவீங்க?"

என் கையிலிருந்த தம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாடு ஊட்டப் போனால் கையைத் தட்டிவிட்டாள். சாயங்காலம் டீயைக் கூட என்னிடம் கேட்கவில்லை, சிஸ்டரிடம் கேட்டாள்.

மறுநாள் காலை நான் போய் நின்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வராந்தாவுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

"கோவமா இருக்கா மச்சான்" என்றேன். "நேத்து வந்த கோவம் இன்னைக்கும் இருக்கு."

அந்தப் பக்கம் முந்திரி உடைக்கிற சத்தம் கேட்டது. அவர் யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார். அப்புறம் அவர் அழுவது கேட்டது.